கீழே உட்கார்ந்திருந்தவள்

ஜனவரி 8

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் அண்ணிக்கு மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் முறைத்துக்கொள்கிறது. உன் கண் எரிச்சல் தேவலையா? நாள் முழுக்க அச்சகத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நிறம் பார்க்கிறாய். வீட்டுக்கு வந்தாவது கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு.

ஒரு நல்ல சேதி. நகரக் கலைக்கூடத்தில் புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளூர் ஓவியர்கள் பன்னிரண்டு பேரிடம் ஆளுக்கு ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். மாட்டினால் மாட்டினதுதானாம், கழற்றவே மாட்டார்களாம். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, பிள்ளைகளுக்குக் கூஜாவும் ஆப்பிளும் வரையச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? எதைக் கொடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. மேசைப் படத்தைத்தான் கொடுக்கப் போகிறேன்.

கலைக்கூடப் பொறுப்பாளர் அம்மா போன வாரம் வீட்டுக்கு வந்து பார்த்தார். பின்னறையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த படத்தை நான் எடுத்து வைத்ததும் கேட்ட முதல் கேள்வி இது: “என்ன மாஸ்டர், கொஞ்சம் மங்கலா இருக்கே? எங்க பல் டாக்டர்கிட்ட தொங்கற காலண்டர்ல பளிச்சுன்னு இருக்கும்.”

“இது மங்கல் இல்லம்மா. அச்சுல என் தங்கச்சி மஞ்சளை அள்ளிக் கொட்டிட்டா” என்றேன். அண்ணி உள்ளேயிருந்து சிரித்தாள்.

சட்டம் போட வந்த தச்சர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். “இது எங்க வீட்டு பிஸ்கட் டப்பா மூடியில இருக்கு சார். இதைப் போய் எதுக்குக் கையால வரைஞ்சிக்கிட்டு?” என்று என்மேல் நிஜமாகவே பரிதாபப்பட்டார். நான்தான் முதலில் வரைந்தவன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இரண்டு வரியாவது பதில் போடு.

உன் அண்ணன்

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கடிதம் பார்த்துச் சந்தோஷம். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன், பரவாயில்லை. அண்ணியைக் காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மஞ்சளைப் பத்து சதவீதம்தான் கூட்டினேன். அந்த வருஷம் காகிதம் மட்டமாக வந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் உங்கள் ஜன்னல் வெயில் சாம்பல் பூத்துப் போயிருக்கும்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் படம்தான் வேண்டுமா? பதினாலு வருஷமாக நாங்கள் அதை அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். காலண்டர், நோட்டு அட்டை, டப்பா மூடி, பிள்ளைகள் சேர்க்கும் ஆயிரம் துண்டுப் புதிர் என்று பதினெட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் தினம் பார்ப்பதைக் கலைக்கூடத்துக்குப் போய் யார் நின்று பார்ப்பார்கள்? உங்கள் பாலம் படம் இருக்கிறது, சந்தைப் படம் இருக்கிறது. அவற்றை யாரும் பார்த்ததே இல்லை. பாலத்தைக் கொடுத்தால் புதிதாக இருக்கும்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

நீ முழுசாக ஒரு பக்கம் எழுதியதே பெரிய அதிசயம். அண்ணி அதை இரண்டு தடவை படித்தாள். ஒத்தடம் கொடுக்கிறாள், நடை கொஞ்சம் தேவலை. நான் எப்போதும் போல.

நீ சொன்னதையேதான் தேர்வுக் குழுவில் இருக்கிற பேராசிரியரும் சொன்னார். “பல்லு பிடுங்கற இடத்துல தொங்கறதை நாம எதுக்கு மாட்டணும்?” என்று கேட்டாராம். பொறுப்பாளர் அம்மா விடவில்லை. “பதினெட்டு லட்சம் பேர் நகலை வச்சிருக்காங்கன்னா, அதுல ஒரு நூறு பேருக்காவது அசலைப் பார்க்கணும்னு தோணாதா?” என்றிருக்கிறார்.

எனக்கு இதில் இரண்டு மனசு. அந்தக் காலண்டர் வந்த பிறகு ஓவியர்கள் நடுவில் எனக்குக் காலண்டர் மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கண்காட்சிக்காரனும் என் படத்தை எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பல்வலியோடு உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்ததே, அதை நினைத்தால் மனசு நிறைந்துவிடுகிறது. அது உன்னால் வந்தது. நீ காலண்டருக்குக் கேட்டிருக்காவிட்டால் அந்தப் படம் யார் கண்ணிலும் படாமல் என் பின்னறையிலேயே கிடந்திருக்கும்.

இப்போது வேறு ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. நீங்கள் அச்சடித்ததில் ஜன்னல், மேசை, மேசைமேல் கூஜா, பாதி வெட்டிய ரொட்டி, அவ்வளவுதான். மேசை விளிம்போடு படம் முடிந்து கீழே தேதிக் கட்டம் வந்துவிடும். அசலில் அதற்குக் கீழேயும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. மேசைக் கால்கள், தரை, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் ஒரு பை, காலில் கழற்றாத செருப்பு. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “நகல்ல இல்லாத பொண்ணு அசல்ல எங்கேருந்து வந்தா? அசலுக்குத் தனி மதிப்பு வரணும்னு மாஸ்டர் பின்னாடி சேர்த்திருக்கார்” என்று சொல்லிவிட்டார். நகலை வைத்து அசலைச் சந்தேகப்படுகிறார்கள். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் உன் பழைய முதலாளி செய்த வேலை. செத்தவரைத் திட்டக் கூடாது, ஆனாலும் வாயில் வந்துவிடுகிறது. அவர் வெட்டச் சொன்னார் என்று அச்சகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். மார்ச் முதல் வாரத்துக்குள் அனுப்பினால் போதும்.

நீ நலம் என்று ஒரு வரி சேர்த்து எழுது.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேலை நெருக்கடியில் பதில் தாமதமாகிவிட்டது.

அச்சகத் தாளில் கடிதம் இணைத்திருக்கிறேன். தேதிக் கட்டத்துக்கு இடம் வேண்டி அன்றைய முதலாளி படத்தின் கீழ்ப்பகுதியை நீக்கச் சொன்னார் என்று எழுதி, நிறப் பிரிவின் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று உங்கள் படத்தைப் பிடித்த ஃபிலிம் கிடைக்கவில்லை. ஈரத்தில் போயிருக்கும்.

பாலம் படத்தைப் பற்றி இன்னொரு தடவை யோசியுங்கள்.

உங்கள் தங்கை

*

மார்ச் 10

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, “தங்கச்சி அண்ணனுக்குச் சாட்சி சொல்றாங்க” என்று மடித்து வைத்துவிட்டார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். உன்மேல் வருத்தமில்லை.

ஃபிலிம்தான் வேண்டுமாம். முழுப் படத்தையும் முதலில் ஃபிலிமில் பிடித்துவிட்டுத்தானே பிறகு வேண்டாததை மறைத்து அச்சுத் தகடு செய்வீர்கள்? அந்த முதல் ஃபிலிமில் அந்தப் பெண் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. மே முப்பத்தொன்று வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் காட்டாவிட்டால் ‘திருத்தப்பட்ட ஓவியம்’ என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் பாலத்தையும் வாங்க மாட்டார்கள், சந்தையையும் வாங்க மாட்டார்கள்.

உன்னிடம் எதற்கு மறைக்கவேண்டும், எனக்கு இது வேண்டும். சும்மா கிடைத்தால் பார்க்கலாம் என்று இருந்தவன்தான். இப்போது அந்தச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், ஆசை வந்துவிட்டது. அலமாரிகளை ஒரு தடவை குடைந்து பாரம்மா.

உடம்பை வருத்திக்கொள்ளாமல் தேடு.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஃபிலிம் கிடைக்காவிட்டால் போகட்டும். நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது. அண்ணி ரயிலுக்கு நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், இந்த முழங்காலோடு.

அண்ணன்

*

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணா,

உங்கள் இரண்டு பேரையும் தவிக்கவிட்டுவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணும் நன்றாக இருக்கிறது. அண்ணி பயணம் கிளம்ப வேண்டாம்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். காலண்டர் வேலையின் பழுப்பு உறை அதில் முழுசாக இருக்கிறது. ஃபிலிம் ஈரத்தில் போகவில்லை. பதினாலு வருஷமும் என் பூட்டுக்குள்தான் இருந்தது.

உறையைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மேலே வேலைச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் நீல மையில், ‘மேசை விளிம்புக்குக் கீழே வெட்டவும்’ என்று இருப்பது என் கையெழுத்து. பக்கத்திலேயே பென்சிலில், ‘எதற்கு? முழுப் படமும் போடலாமே. தேதியை வலப்பக்கம் வைத்தால் ஆயிற்று’ என்று எழுதியிருப்பவர் முதலாளி. வெட்டச் சொன்னது அவர் இல்லை. நான்தான் வெட்டினேன்.

அந்தப் பெண் நான்தானே அண்ணா. நாம் இதுவரை ஒரு தடவைகூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. புருஷன் வீடு இனி வேண்டாம் என்று ஒரு பையோடு கிளம்பி வந்து, உங்கள் சமையலறைத் தரையில் மூன்று மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அண்ணி என்னைத் தாண்டித் தாண்டி வேலை பார்த்தார். நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, டீக்குச் சர்க்கரை போடட்டுமா என்பதுதான்.

நீங்கள் அதை வரைந்ததே எனக்குத் தெரியாது. காலண்டருக்குப் படம் தருவதாகச் சொல்லியிருந்தவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார் என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் அனுப்பியதைப் பிரித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என் பின்னல் அச்சகத்தில் அத்தனை பேருக்கும் தெரியும், அந்தச் செருப்பும் தெரியும். அவள் சலூன் சலூனாகத் தொங்கப் போகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. திருப்பி அனுப்ப நேரமில்லை, மிஷின் காத்துக்கொண்டிருந்தது. ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். முதலாளி கேட்டதற்கு இடம் போதாது என்று சாதித்துவிட்டேன்.

நீங்கள் கோபித்து எழுதியபோது முதலாளி பெயரைச் சொல்லித் தப்பித்தேன். அப்புறம் மனசு கேட்காமல் அவரிடமே போய்ச் சொல்லி அழுதேன். “என் பேரையே சொல்லிக்கோம்மா. அதனால எனக்கு என்ன தேஞ்சா போயிடும்?” என்றார். சாகிற வரைக்கும் உங்கள் திட்டை அவர் வாங்கிக்கொண்டார், ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப்பட்ட மனுஷரின் பெயரைப் போன பிப்ரவரியில் அச்சகத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதிலிருந்து எனக்கு எழுதவே கை வரவில்லை.

ஃபிலிமைக் குழுவில் காட்டுங்கள். சீட்டையும் காட்டுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் தங்கை

*

மே 6

தங்கைக்கு,

பார்சல் வந்தது. நாங்கள் சுகம்.

உன் முதலாளி இறந்தபோது நீ எனக்கு எழுதினாய். நான் அவர் வீட்டுக்கு ஒரு வரி ஆறுதல் எழுதவில்லை. என் படத்தை வெட்டினவருக்கு நான் எதற்கு அழ வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அண்ணன்

*

மே 21

என் அன்பு ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணி எழுந்து நடக்கிறாள், எனக்குத்தான் இரண்டு வாரமாக மூஞ்சி நேராக இல்லை. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டுவிட்டு மற்றதை எழுதச் சொல்லி அண்ணி உத்தரவு. கேட்டுவிட்டேன்.

கோபம் வந்தது உண்மை. வீட்டில் யாரோடும் பேசாமல் பாத்திரத்தை ‘டம்’மென்று வைத்துக்கொண்டு திரிந்தேன். பத்தாவது நாள் அண்ணி பொறுமை இழந்துவிட்டாள். “அவ வெட்டினது தப்புன்னு குதிக்கறீங்களே. வரையறதுக்கு முன்னாடி அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா? காலண்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடியாவது கேட்டீங்களா?” என்றாள். உன் மிக மோசமான நாளை எடுத்து உன் கையிலேயே கொடுத்து, இதை அரை லட்சம் அச்சடி என்று அனுப்பியிருக்கிறேன். நல்ல படம் என்கிற நினைப்பைத் தவிர என் புத்தியில் வேறு எதுவும் இருக்கவில்லை. நீ கோடு போட்டது சரி. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான்.

ஆனால் ஒன்று உனக்குத் தெரியவேண்டும். உன் துக்கத்தை வேடிக்கை காட்ட நான் அதை வரையவில்லை. போக்கிடம் வேண்டும் என்று ஆனபோது நீ நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். வாசலில் நிற்கவில்லை, வரலாமா என்று கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாய். எங்களை அவ்வளவு நம்பினாயே என்று எனக்கு ஒரு நன்றி, அதைச் சொல்லத் தெரியாமல் ஒரு வருஷம் கழித்து வரைந்தேன். ஜன்னலையும் மேசையையும் அப்புறம்தான் போட்டேன், நீ உட்கார ஒரு இடம் வேண்டுமே என்று.

உன் முதலாளியின் மனைவிக்கு நேற்று எழுதினேன். எட்டு வருஷம் தாமதமான ஆறுதல், அதோடு அவர் எனக்கும் உனக்கும் செய்ததற்கு நன்றி. நான்கு தாள் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் முடிந்தது.

ஃபிலிம் என் மேசை டிராயரில் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. பொறுப்பாளர் அம்மாவிடம் இது குடும்ப விஷயம் என்று மட்டும் சொன்னேன். அவர் நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார், கீழ்ப்பகுதியைச் சட்டத்துக்குள் மறைத்து, அச்சில் இருப்பது போலவே மாட்டிவிடலாமாம். அப்படி மாட்டினால் அது பதினெட்டு லட்சத்து ஒன்றாவது நகல்தான் என்று சொல்லிவிட்டேன்.

முடிவு உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவர்கள் எதை எழுதினாலும் எழுதட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. தவணைக்குப் பத்து நாள் இருக்கிறது. யோசித்துச் சொல்.

உன் அண்ணன்

*

மே 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்கவும் செய்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் வைத்துத்தான் படித்தேன். அன்றைக்கு ஒரு புரூஃபும் பார்க்க முடியவில்லை. கண் எரிச்சல் என்று சொல்லிவிட்டு அரை நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஃபிலிமைக் கொடுங்கள். படத்தை மறைக்காமல் மாட்டச் சொல்லுங்கள். பிப்ரவரியில் எழுதியது தவறு, வெட்டியது நானே என்று புதிதாக ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன், அதையும் கொடுத்துவிடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையில் மட்டும் என் பெயர் வேண்டாம்.

திறக்கும் நாளை எழுதுங்கள். லீவு சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்கள் தங்கை

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அண்ணி கட்டிக்கொடுத்ததில் பாதியை எதிரே இருந்தவர்களுக்குக் கொடுத்தும் மிச்சம் இருந்தது. அன்றைக்கு அத்தனை நேரம் நின்ற பிறகு அண்ணிக்குக் கால் எப்படி இருக்கிறது?

நான்கு நாள் உங்களோடு இருந்தும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வைத்த பெயர் சும்மா இல்லை. அதனால் எழுதுகிறேன்.

திறப்பு அன்றைக்கு நீங்கள் அண்ணிக்கு நாற்காலி தேடிப் போனீர்களே, அப்போது நான் படத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். எல்லோரும் தூரத்தில் பார்க்கும்போதே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்போடு வந்தார்கள், கிட்டே வந்ததும் குனிந்தார்கள். பேராசிரியர் தன் மனைவியை அழைத்து வந்து காட்டினார். என்னிடம் வந்து, “உங்க அண்ணனைச் சந்தேகப்பட்டுட்டேன்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வயதான ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள்தான் முதலில் பார்த்தார். “ஏங்க, கீழ ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா பாருங்க. நம்ம வீட்டுல இருக்கறதுல இவ இல்லையே.”

அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இருந்திருப்பா. நமக்குத்தான் இத்தனை நாளா தெரியலை” என்றார்.

பதினெட்டு லட்சம் தாளிலும் நான் ஸ்கேல் வைத்து வெட்டியதை அவர் ஒரு பேச்சில் திருப்பி வைத்துவிட்டார். அவமானம் என்று எதை நினைத்தேனோ அது எனக்கு அங்கே கொஞ்சமும் தெரியவில்லை. அவளைப் பார்க்க எனக்கே பிரியமாக இருந்தது.

அந்த அம்மாள் நகரவில்லை. நான் யாரென்று தெரியாமல் என் பக்கம் திரும்பி, “பாவம். யாராவது வந்து எழுப்பினாங்களோ என்னவோ” என்றார்.

“எழுப்பலைங்க. அவளா எந்திரிக்கிற வரைக்கும் விட்டுட்டாங்க” என்றேன்.

அதற்காக உங்கள் இருவருக்கும் நன்றி, அண்ணா.

உங்கள் தங்கை